பதினோரு வரிகள்

என் வீட்டில் ஒரே ஒரு ஸ்பூன்தான் இருக்கிறது. யாராவது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். யாரும் வராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு கத்தி, ஒரு ஸ்பூன். சாப்பிட்டதும் கழுவிக் கவிழ்த்தால் வேலை தீர்ந்தது. அலமாரி நிறையப் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகளில் எப்போது போனாலும் தொட்டியில் எச்சில் பாத்திரம் குவிந்து கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். கவனித்திருக்க மாட்டீர்கள். பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை.

நான் வந்தது பாத்திரத்தைப் பற்றிப் பேச அல்ல. டீகன் ஓகில்வி உங்கள் மரண விசாரணை அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். தன் அண்ணன் ஜாரட் கடலில் இறந்ததற்குத் தான் எழுதிய கணினி நிரல்தான் காரணம், வேறு யாருக்கும் அதில் பங்கில்லை என்று மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். மூன்று பக்கத்தையும் படித்தேன். அதில் பிழை இருக்கிறது. பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது. அதற்காகத்தான் டோவரிலிருந்து காலை பஸ் ஏறி ஹோபார்ட்டுக்கு வந்தேன். அந்த ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிடுங்கள். நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

பெயர் மரே கத்பர்ட். வயது ஐம்பத்தொன்பது. லிம்பெட் என்ற நிரல் நூலகத்தை எழுதியவன், பதினாறு வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவன். நூலகம் என்றதும் புத்தக அலமாரியை நினைக்காதீர்கள். ஒருவர் எழுதி வைத்த நிரலை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் கருவிக்குள் பொருத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்ட பொதுச் சரக்குக்கு அந்தப் பெயர். லிம்பெட் ஒரு சின்னத் தரவுத்தளம். கருவி ஒரு தகவலைக் கொடுக்கும். லிம்பெட் அதை வாங்கி மெமரி கார்டில் எழுதும். எழுதி முடித்த பிறகு ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும். முடிக்காமல் சொல்லாது. இது ஒரு பெருமையா என்று உங்கள் முகம் கேட்கிறது. உலகத்திலுள்ள தரவுத்தளங்களில் பாதி இந்த ஒரு இடத்தில் கூசாமல் பொய் சொல்கின்றன என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்.

மொத்தம் நாலாயிரத்து நூறு வரிகள். காலையில் உட்கார்ந்தால் மாலைக்குள் முழுவதையும் படித்துவிடலாம். புரியாத ஒரு வரி அதில் கிடையாது. இறைச்சிக் கடைத் தராசு, காது கேட்கும் கருவியைச் சோதிக்கும் இயந்திரம், ஆட்டு மந்தையை எண்ணும் கதவு, எல்லாவற்றுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது. இருபத்து மூன்று பேர் கூலி வாங்காமல் அதற்கு வேலை பார்க்கிறோம். வேலை பார்க்கிறோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதில் இருபது பேருக்கு வேகம் என்ற ஒரே நோய்.

இந்த நோய்க்காரர்களை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மாநாட்டுக்கு மாநாடு மேடையேறித் திரையில் ஒரு கோட்டைக் காட்டுவார்கள். கோடு மேலே ஏறும். கைதட்டுவார்கள். அந்தக் கோட்டை ஏற்றுவதற்காக உள்ளே எத்தனை வரியைத் திணித்தீர்கள் என்று கேட்டால் காபிக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். ஒருவன் எனக்கு ஒரு திருத்தம் அனுப்பினான். தேடலை நூற்றுக்கு இரண்டு பங்கு வேகமாக்குகிறது. அதற்குத் தொள்ளாயிரம் வரி. இறைச்சிக் கடைத் தராசு அந்தத் தேடலை நாளைக்கு நாற்பது முறை செய்யும். மிச்சப்படும் நேரத்தில் கடைக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்ட முடியாது. அதைக் கணக்குப் போட்டு எழுதி அனுப்பினேன். அவன் என்னைக் கிழட்டுச் சிப்பி என்று எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதினான். பாறையை விட்டு அசையாத சிப்பிக்குத்தான் லிம்பெட் என்று பெயர். ஆகவே அதைத் திட்டாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

டீகன் அந்த ரகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவள் மேல் எனக்கு ஏதோ காழ்ப்பு என்று நினைப்பீர்கள். அவள் இங்கே ஹோபார்ட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தாள். மீன்பிடிப் படகுகளுக்குப் பெட்டி செய்கிறார்கள். ரொட்டித் துண்டு அளவுக்கு ஒரு பெட்டி, படகின் கம்பத்தில் மாட்டுவது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை படகு எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும். படகின் மின்சாரம் போய்விட்டால் பெட்டி தன் சொந்த பேட்டரிக்கு மாறி, கடைசியாக எழுதிய இடத்தைக் கரைக்கு அனுப்பும். புதிதாக இடத்தைக் கண்டுபிடிக்க அதற்குப் பல நிமிடம் வேண்டும். அதற்குள் படகு மூழ்கிவிட்டால் பயன் இல்லை. ஆகவே கையில் இருப்பதை முதலில் அனுப்பிவிடும். அந்த எழுத்து வேலை லிம்பெட்டுடையது.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு தகவலையும் தனித்தனியாக எழுதி உறுதி செய்வதால் மெமரி கார்டு தேய்ந்துபோனது. ஏழெட்டு மாதத்தில் கார்டு செத்துவிடும். செத்த கார்டு எந்த இடத்தையும் சொல்லாது. டீகனின் அண்ணன் ஜாரட் டோவரில் கல் இறால் பிடிப்பவன். அவன் படகில் இரண்டு கார்டு செத்தது. அவள் உட்கார்ந்து ஒரு திருத்தம் எழுதினாள்: இருபது தகவலைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் கார்டில் எழுதுவது. எட்டு மடங்கு வேகம், கார்டுக்கு ஆயுள் பல வருடம். அறுநூற்று நாற்பது வரி.

நான் வேண்டாம் என்றேன். நாலு வருடம் வேண்டாம் என்றேன். தகவலைக் கையில் வைத்துக்கொண்டு ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்வது பொய். எட்டு மடங்கு வேகமான பொய். அதற்குப் பதில் கார்டை மாற்றிக்கொள்ளலாம். கார்டு மாற்ற ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும்.

ஜாரட் என்னைத் துறையில் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பான். எனக்கும் ஒரு சின்னப் படகு உண்டு, அலுமினியத் தோணி, விரிகுடாவுக்குள் தட்டைமீன் பிடிப்பதற்கு. அவன் படகு ‘லோர்னா மே’, அதற்கு நாலு படகு தள்ளிக் கட்டியிருக்கும்.

“என்ன பெருசு, என் தங்கச்சி எழுதினத நாலு வருஷமா ஊறப்போட்டிருக்கீங்களாமே. ஊறுகாயா போடப் போறீங்க?”

“நல்லதா இருந்தா எடுத்துக்குவோம் ஜாரட்.”

“கடல்ல நிக்கிறவன் நானு. கரையில உக்காந்து நல்லது கெட்டது பாக்குறது நீங்க. சரி சரி, முறைக்காதீங்க. இந்தாங்க, சமைச்சுச் சாப்பிடுங்க.”

ஒரு கல் இறாலைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசுவான். கிறிஸ்துமஸ் தவறாமல் கொடுப்பான். இறால் நன்றாக இருக்கும். பேச்சு அப்படி இல்லை.

போன வருடம் எங்கள் ஆண்டுக் கூட்டம் மெல்பர்னில் நடந்தது. டீகன் பேசினாள். செத்த கார்டு ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டினாள். அது நாடகம், ஆனால் எடுபட்டது. வாக்கெடுப்பு வைத்தார்கள். பத்தொன்பது பேர் அவள் பக்கம், மூன்று பேர் என் பக்கம், ஒருவர் வாக்களிக்கவில்லை. என் பக்கம் என்பதில் நானும் ஒருவன். முடிந்ததும் ஒருவன் என் தோளைத் தட்டி, “விடுங்க மரே, காலம் மாறுதுல்ல” என்று ஒரு லாமிங்டன் கேக்கை என் கையில் திணித்தான். துக்க வீட்டில் கொடுப்பது மாதிரிக் கொடுத்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. நான் பெற்று வளர்த்த ஒன்றை என் கண் முன்னால் கை தூக்கி வாங்கிக்கொண்டார்கள். கேக்கைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திருத்தமும் இரண்டு பேர் படித்து ஒப்புதல் கொடுக்காமல் உள்ளே போகாது. ஒருவர் நான். இன்னொருவர் ஆக்லாந்தில் இருக்கும் கிளைவ். கிளைவ் படிக்கமாட்டார். நான் சரி என்றால் அவரும் சரி என்பார். ஆகவே அறுநூற்று நாற்பது வரியும் என் மேஜைக்குத்தான் வந்தது.

மூன்று நாள் படித்தேன். நன்றாக எழுதியிருந்தாள். குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்தவன் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அதில் ஓரிடத்தில் பதினோரு வரிகள் இருந்தன. மின்சாரம் தளர்கிறது என்று பெட்டி சொன்ன அந்தக் கணத்திலேயே, கையில் சேர்த்து வைத்திருப்பது எதுவானாலும் உடனே கார்டில் எழுதிவிடு. இதுதான் அந்த வரிகளின் பொருள். பெட்டி செய்பவர்கள் தந்த காகிதத்தில், படகின் மின்சாரத்திலிருந்து சொந்த பேட்டரிக்கு மாறும்போது பெட்டி அணையாது, கையில் இருப்பது கையிலேயே இருக்கும் என்று எழுதியிருந்தது. அது உண்மையானால் அந்தப் பதினோரு வரிகளுக்கு வேலை இல்லை. டீகனுக்கு அந்தக் காகிதத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லை. அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு விதி இருக்கிறது. நான் போட்ட விதி. எந்தச் சோதனையிலும் ஓடாத வரி லிம்பெட்டுக்குள் இருக்கக்கூடாது. சோதனைகளை ஓட்டினால் ஓடாத வரிகளை ஒரு கருவி சிவப்பாகக் காட்டும். அறுநூற்று நாற்பதில் அந்தப் பதினொன்று மட்டும் சிவப்பு. மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனை எங்களிடம் கிடையாது.

அவளுடைய நிறுவனம் புதிய லிம்பெட்டைக் கடலில் சோதித்துப் பார்ப்பதற்காக மூன்று படகுகளுக்குப் பெட்டி கொடுத்திருந்தது. ஒன்று ஜாரட்டுக்கு, ஒன்று இன்னொருவருக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதைக் கழற்றிப் பின்கட்டுக் கொட்டகையில் வைத்து, ஒரு பழைய படகு பேட்டரியையும், நேரம் வந்தால் மின்சாரத்தை வெட்டும் ஒரு சுவிட்சையும் பொருத்தினேன். ஒரு வாரம் அதை ஓடவிட்டேன். பதினோரு வரிகளோடு இருநூறு முறை வெட்டியதில் ஒரு தகவலும் தொலையவில்லை. வரிகளை எடுத்துவிட்டு இருநூறு முறை வெட்டியதில் நூற்றுத் தொண்ணூற்றொரு முறை தகவல் தொலைந்தது. காகிதம் சொன்னது பொய். மாறும்போது பெட்டி ஒவ்வொரு முறையும் அணைந்து எழுந்தது. கையில் இருந்தது எல்லாம் போய்விடும். அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்கான இடங்கள். முடிவைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி வைத்தேன். அந்தத் தாள் இதோ. தேதி மேலே இருக்கிறது, பிப்ரவரி பத்தொன்பது.

இருபத்து மூன்றாம் தேதி டீகன் டோவருக்கே வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து, காலி ஜாம் பாட்டிலில் நான் ஊற்றிக் கொடுத்த தேநீரைப் பேனாவால் கலக்கினாள். ஸ்பூன் என் கோப்பையில் இருந்தது.

“எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்க மரே, நெசமா நன்றி. அந்தப் பதினொண்ண மட்டும் ஏன் எடுக்கச் சொல்றீங்க?”

“சிவப்பா இருக்கு.”

“தெரியும். ஆனா கரண்ட் போறதுக்கு நான் எங்க போய் டெஸ்ட் எழுதுறது?”

“டெஸ்ட் இல்லன்னா வரி இல்ல. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“விதிய போட்டதே நீங்கதானே.”

“அதனாலதான் நானே மீறக்கூடாது. பெட்டி அணையாதுன்னு காகிதத்துல இருக்கா இல்லையா?”

“இருக்கு. எனக்கு என்னமோ மனசு ஒப்பல. ஜாரட் அந்தப் படகுல இருக்கான், அதான்.”

“மனசு ஒப்பலங்கறத நான் எந்த டெஸ்ட்ல ஓட்ட?”

சிரித்துவிட்டாள். நான் சொன்னேன், அடுத்த வெளியீட்டில் சேர்த்துக்கொள்ளலாம், மின்சாரச் சோதனையை நானே செய்து தருகிறேன் என்று. என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கொட்டகை அந்தச் சமையலறைக் கதவிலிருந்து இருபது அடி. உள்ளே சுவிட்ச் விழும் சத்தம் அன்றைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சத்தம் என்று கேட்டாள். பழைய ஃபிரிட்ஜ் என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் வரிகளை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினாள். நான் ஒப்புதல் கொடுத்தேன். கிளைவ் ஒன்பது நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தார். பொதுப் பதிவில் நான் எழுதியது ஒரே வாக்கியம்: ‘இந்த வரிகள் எந்தச் சோதனையிலும் ஓடவில்லை, நீக்கவும்.’ அதை உலகத்தில் எந்த நிரலாளரிடம் காட்டினாலும் நியாயம்தான் என்பார்கள். இப்போதும் சொல்கிறார்கள்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்பீர்கள். கேட்டால்தான் உங்களுக்கும் சம்பளம். ஒரு பெட்டி ஏதாவது தவறான இடத்தைக் காட்டும். துறையில் நாலு பேர் சிரிப்பார்கள். கைதட்டிய பத்தொன்பது பேரும் வாயை மூடிக்கொண்டு, கிழவன் அப்போதே சொன்னான் என்பார்கள். லிம்பெட் திரும்ப நாலாயிரத்து நூறு வரிக்கு வரும். என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

அது நடக்கவும் செய்தது. மே மாதம் ஒரு நாள் ஜாரட் படகைத் துறையில் கட்டிவிட்டு மின்சாரத்தை அணைத்தான். பெட்டி கரைக்குச் செய்தி அனுப்பியது. அவன் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“பெருசு, இத பாருங்க. நான் இங்க உங்க மூஞ்சிக்கு முன்னால நிக்கிறேன். உங்க பெட்டி நான் இன்னும் ப்ரூனித் தீவுப் பக்கம் சுத்துறேங்குது. வீட்டுல என்னை மாட்டிவிடப் பாக்குதா?”

“செயற்கைக்கோள் சில சமயம் தாமதமாகும்.”

“அப்படியா? டீகன்கிட்ட சொல்லிடட்டுமா?”

“நான் சொல்லிக்கிறேன். நீ சொன்னா பாதி மாத்திச் சொல்லுவ.”

“அதுவும் சரிதான்” என்று போய்விட்டான். டீகனிடம் நான் சொல்லவில்லை. ஒருவன் மட்டும் சிரித்த சிரிப்பு போதாது என்று தோன்றியது.

ஜூலை மாதம் நடந்தது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. கூட வரும் ஆள் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார், ஜாரட் தனியாக ஸ்டார்ம் பே கடலைத் தாண்டி டோவருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். மத்தியானம் மூன்று பத்துக்கு ப்ரூனித் தீவின் தென்முனைக்கு வெளியே அலை படகைக் கவிழ்த்தது. அவசரச் சிக்னல் கருவி கவிழ்ந்த படகுக்கு அடியில் சிக்கிக்கொண்டது. கம்பம் உடைந்து மிதந்தது, அதிலிருந்த பெட்டி தன் சொந்த பேட்டரிக்கு மாறியது, அணைந்தது, எழுந்தது, தனக்குத் தெரிந்த கடைசி இடத்தை அனுப்பியது. அது ஐம்பத்தொரு நிமிடத்துக்கு முந்தைய இடம். ஏழு கடல் மைல் கிழக்கே. பிறகு பெட்டியில் தண்ணீர் புகுந்துவிட்டது.

ஹெலிகாப்டர் அந்த இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மேற்குக் காற்று, ஆகவே ஆள் கிழக்கே அடித்துப் போயிருப்பான் என்று கணக்குப் போட்டு இன்னும் கிழக்கே தேடினார்கள். ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. ஆறு இருபதுக்கு சால்மன் பண்ணைக்குப் போகிற ஒரு படகின் விளக்கில் தற்செயலாக அகப்பட்டான். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இராது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்துப் பெயிண்ட் அவன் நகங்களுக்குள் இருந்தது. எழுதியவர் யாரோ, அதைத் துல்லியமாக எழுதியிருக்கிறார்.

நான் வீட்டில் இருந்தேன். ரேடியோ எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றரைக்கு ‘லோர்னா மே’ என்ற பெயரையும் தேடும் இடத்தையும் படித்தார்கள். எண்களைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது பழைய இடம் என்பது இந்தத் தீவில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் எந்த வழியில் வீட்டுக்கு வருவான் என்பதும் தெரியும், வருடக்கணக்காக என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கிறான். வரைபடத்தில் ஸ்பூனின் கைப்பிடியை வைத்து அளந்தேன். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட தூரம், மேற்கே, தென்முனைக்குப் பக்கம். சரியாகத்தான் அளந்திருந்தேன் என்று பிறகு தெரிந்தது.

போனை எடுத்தேன். எண்ணை அழுத்தவும் செய்தேன். பிறகு யோசித்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பெட்டி, கார்டு, இருபது தகவல், சிவப்பு வரி, கொட்டகை, பிப்ரவரி என்று அத்தனையும் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத எதையும் நான் போனில் சொல்வதில்லை. போனை வைத்துவிட்டேன். இரண்டு முட்டை வேகவைத்துச் சாப்பிட்டேன். கழுவிக் கவிழ்த்தேன்.

நீங்கள் இப்போது ஏதோ எழுதினீர்கள். ‘மேற்கே தேடுங்கள்’ என்பது ஒரு வாக்கியம்தானே என்றுதான் எழுதியிருப்பீர்கள். இரண்டு வார்த்தைதான். அது எனக்குப் பிறகு தோன்றியது.

பன்னிரண்டு நாள் கழித்து டீகன் வந்தாள். உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“நாந்தான் பண்ணேனா மரே? நேரா சொல்லுங்க.”

“இருபதைச் சேத்து வச்சுக்கிட்டது உன் நிரல்தான் டீகன். பழைய லிம்பெட்டா இருந்தா மூணு நிமிஷத்துக்கு முந்தின இடம் போயிருக்கும்.”

“அந்தப் பதினொண்ணு இருந்திருந்தா?”

“யாருக்குத் தெரியும். அத யாரும் சோதிச்சுப் பாக்கவே இல்லையே.”

தலையை ஆட்டினாள். தான் கேட்டதை எல்லாம் செய்து கொடுத்த என்னிடம் சண்டை போடுவதா என்கிற மாதிரி, “உங்கள கஷ்டப்படுத்திட்டேன், மன்னிச்சிருங்க” என்றாள். என்னிடம். அந்த அளவுக்குத்தான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு கேள்வி கேட்டு, வந்த பதிலைச் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவர்கள்தான் என் நாலாயிரத்து நூறு வரியைச் சீர்திருத்த வந்தவர்கள்.

ஆகஸ்டில் அவள் திருத்தத்தை முழுவதுமாக எடுத்துவிட வாக்கெடுப்பு வைத்தேன். இருபத்து இரண்டுக்குச் சைபர். டீகன் வாக்களிக்கவில்லை, வேலையை விட்டுவிட்டு அம்மா வீட்டில் கிடக்கிறாளாம், சாப்பிடுவதில்லை என்கிறார்கள். கேக் கொடுத்தவன் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்று அழுதான். லிம்பெட் சுத்தமாகிவிட்டது. அந்த ஐந்து மாதம் அது ‘எழுதிவிட்டேன்’ என்று எழுதாததைச் சொன்னது. பதினாறு வருடத்தில் அது சொன்ன முதல் பொய். அதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே துக்கம் வருகிறது.

இனி அவள் கடிதத்துக்கு வருவோம். ‘வேறு யாருக்கும் இதில் பங்கில்லை’ என்பதை அடித்துவிடுங்கள். ‘ஆபத்தை யாரும் அறிந்திருக்கவில்லை’ என்பதையும் அடித்துவிடுங்கள். பென்சில் தாள் உங்களிடம் இருக்கிறது. ‘என் கவனக்குறைவு’ என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறாள். அவள் கவனமாகத்தான் எழுதினாள். பதினோரு வரியும் முதலிலிருந்தே சரியாக இருந்தது. ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார், யார் எடுக்கச் சொன்னார் என்று பெயர் போட்டு வைப்பது எங்கள் தொழிலின் அடிப்படை. ஒரு சாவுக்குத் தவறான பெயர் போட்டு ஏட்டில் ஏற்றுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் மேல் இரக்கம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், அது துல்லியம் இல்லை. எடுக்கச் சொன்னது நான். தெரிந்தே சொன்னேன். மே மாதம் மறைத்தேன், ஜூலை மாதம் போனை வைத்தேன். ஜாரட் ஓகில்வியைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் சுருக்கமாக எழுதினால் மறுக்கமாட்டேன். சுருக்கமாக எழுதுவது எனக்குப் பிடிக்கும்.

ஆனால் காரணத்தையும் சரியாக எழுதுங்கள். அவன் மேல் எனக்குப் பகை கிடையாது. தோற்ற ஆத்திரம் என்றும் எழுதாதீர்கள். இது கொள்கை. தேவையில்லாத ஒரு வரியைக்கூட நான் வைத்துக்கொள்வதில்லை, நிரலிலும் சரி, வீட்டிலும் சரி. அந்தப் பதினோரு வரிகள் தேவையில்லாத பாரம் என்று அன்றைக்கும் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

என் தோணியைச் சோதிக்க ஆள் அனுப்புவீர்கள். சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. கம்பத்தில் நான் திரும்ப மாட்டிய பெட்டியைக் கழற்றும்போது மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒன்றும் தொலையாது. மார்ச் மாதம் மூன்று பெட்டிக்கும் புதிய லிம்பெட்டை ஏற்றினோம் அல்லவா, என்னுடையதற்கு நானே தனியாக ஏற்றினேன். அதில் பதினோரு வரியும் இருக்கிறது. நான் கரையை விட்டு அரை மைலுக்கு மேல் போவதில்லை. இருந்தாலும் அந்தத் தண்ணீர் ரொம்பக் குளிர்.